கோப்பில் இருந்தது 1187: பின்னணிப் புரோகிராமின் எண்ணை யாரிடம் ஒப்படைப்பது?

யாழ்ப்பாணம் கொக்குவில் பக்கம் ஒரு ரியூட்டரியின் (ரியூஷன் வகுப்பு நடக்கும் இடத்தின்) பின்னறையில், வினாத்தாள் அடிக்கும் பிரிண்டருக்கு அருகே ஒரு பழைய டெஸ்க்டொப் நிற்கிறது. அதில் லினக்ஸ் போட்டு, பிள்ளை வகுப்புக்கு வந்ததும் வீட்டுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் சின்னப் பைதன் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டவன் நான். ஸ்கிரீனும் இல்லை, கீபோர்டும் இல்லை. பின்னணியில் பேசாமல் ஓடுவதுதான் அதன் வேலை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ரியூட்டரிச் சேர் கோல் எடுத்தார்.

"தம்பி, மூன்று நாளாய் ஒருத்தருக்கும் மெசேஜ் போகேல்லையாம். தாய்மார் எனக்கு எடுத்து ஏசுகினம். நீர் ஏதும் நிப்பாட்டினனீரோ?"

"இல்லை சேர். வந்து பாக்கிறன்."

போய்ப் பார்த்தால் மெஷின் ஓடுகிறது, நெட் இருக்கிறது, சிம்மில் காசும் இருக்கிறது. என் புரோகிராம் மட்டும் இல்லை. தொடக்க ஸ்கிரிப்டின் பதிவில் ஒரே ஒரு வரி: "ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது, 1187". அந்த வசனத்தை எழுதியவனும் நானே. ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும், அதாவது புரோசஸுக்கும், கணினி ஒரு எண் கொடுக்கும். இந்த 1187 யார் என்று பார்த்தேன். பக்கத்தில் நிற்கும் பிரிண்டரைக் கவனிக்கும் சேவை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை பின்னேரம் கரண்ட் போயிருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வெட்டிய காலத்திலேயே அந்த யூபிஎஸ்ஸின் பேட்டரி இறந்துவிட்டது, புதிது வாங்கிப் போடவில்லை. மெஷின் பொத்தென்று அணைந்தது. கரண்ட் வந்ததும் தானாக எழும்பியது. என் ஸ்கிரிப்ட், முந்திய ஓட்டத்தில் எழுதிவைத்த எண்ணைக் கோப்பில் வாசித்தது. அந்த எண்ணில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதியிடம்) கேட்டது. இருக்கிறார் என்று பதில் வந்தது. சரி, நமக்கு வேலை இல்லை என்று ஸ்கிரிப்ட் வெளியேறிவிட்டது.

ஆக, கேர்னல் பொய் சொல்லவில்லை, கோப்பும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் பிழை.

அன்றைக்குப் பிறகு, யுனிக்ஸ் வழி வந்த கணினிகளில் பின்னணிப் புரோகிராம் ஒன்றின் புரோசஸ் எண்ணைப் பிடித்துவைக்க என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எண்ணைக் கோப்பில் எழுதுவது, பெயரை வைத்துத் தேடுவது, பூட்டுப் போடுவது, காவலுக்கு ஒருவரை வைப்பது என்று நாலு. இவை ஒன்றுக்கொன்று மாற்று என்றுதான் முதலில் நினைத்தேன். போகப் போகத்தான் நாலும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று விளங்கியது.

முதலில் அந்த எண்ணைப் பற்றி

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மறித்துவிடுவார்கள். ஓரத்து வீட்டு வளவுகள் எல்லாம் சைக்கிள் பாதுகாப்பு நிலையமாகிவிடும். சைக்கிளை விட்டால் எண் போட்ட துண்டு ஒன்று தருவார்கள். அந்தத் துண்டு இன்றைக்குச் செல்லும். நாளைக்கு அதே 47 ஆம் எண் இன்னொருவரின் சைக்கிளில் தொங்கும். இன்றைய துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாளைக்குப் போய் நின்றால், வளவுக்காரர் ஒரு சைக்கிளை எடுத்துத் தரத்தான் செய்வார். யாருடையது என்பது வேறு கதை.

புரோசஸ் எண்ணும் அதே துண்டுதான். லினக்ஸ் அதை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போகும். உச்சத்தைத் தொட்டதும் திரும்பி 300 இலிருந்து, காலியாக இருக்கும் எண்களை மறுபடி கொடுக்கத் தொடங்கும். பழைய இயல்பு உச்சம் 32768. 64 பிட் கேர்னலில் அதை 4194304 வரை கூட்டலாம். லினக்ஸில் சேவைகளை எழுப்பிக் கவனிக்கும் சிஸ்டம்டி 2019 முதல் அப்படித்தான் கூட்டிவைக்கிறது. யுனிக்ஸ் வழி வந்த இன்னொன்றான ஃப்ரீபிஎஸ்டியில் 99999 தான் எல்லை. அதன் உறவான ஓபன்பிஎஸ்டி வரிசையாகக் கொடுக்காமல் எழுந்தமானமாகக் கொடுக்கும்.

நாற்பது லட்சம் எண் இருக்கும்போது அதே எண் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு நண்பன் கேட்டான். நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கணக்கு அப்படி வராது. கரண்ட் போய் மெஷின் மறுபடி எழும்பும்போது எண் 1 இலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் அதே சேவைகள், கிட்டத்தட்ட அதே வரிசையில், அதே சில நொடிகளுக்குள் எழும்புகின்றன. என் புரோகிராமும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. ஆகவே அதன் எண் எப்போதும் ஆயிரத்துச் சொச்சத்தில்தான் விழும், பிரிண்டர் சேவையினதும் அப்படியே. நாற்பது லட்சத்தில் ஒன்று என்பது கதைக்கு நல்லது. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் போட்டி உண்மையில் சில நூறு எண்களுக்குள்தான்.

எண்ணைக் கோப்பில் எழுதுவது

மிகப் பழைய வழி இது. இன்றைக்கும் பல சேர்வர்களில் இதுதான் ஓடுகிறது. புரோகிராமின் பெயரோடு பிஐடி (புரோசஸ் எண்) என்ற வால் சேர்த்து ஒரு கோப்பு, உள்ளே எண் மட்டும். கோப்புகளை எங்கே வைப்பது என்று வகுத்த லினக்ஸ் அடைவுத் தரம் இதற்கென்று ஒரு பத்தியே ஒதுக்கியிருக்கிறது. எண் தசமத்தில் இருக்கவேண்டும், முடிவில் ஒரு புதுவரிக் குறி. குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் கிரொன் என்ற டீமனின் (பின்னணிப் புரோகிராமின்) எண் 25 என்றால் கோப்பில் இருக்கவேண்டியது மூன்று எழுத்து: இரண்டு, ஐந்து, புதுவரி. இவ்வளவு எளிமை. அதனால்தான் எல்லோரும் இதில் கைவைக்கிறார்கள், அதனாலேயே பிழையும் விடுகிறார்கள்.

முதல் பிழை இடம். கோப்பு ரன் என்ற அடைவில் இருக்கவேண்டும். அந்த அடைவு டிஸ்க்கில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து போகும், அதுதான் அதன் அழகு. நானோ கோப்பை வீட்டு அடைவில் வைத்திருந்தேன், "பத்திரமாக இருக்கட்டும்" என்று. போன ஓட்டத்தின் எண் இந்த ஓட்டத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தது. இடத்தை மட்டும் மாற்றியிருந்தாலே சேருக்கு அந்த மூன்று நாள் ஏச்சு கிடைத்திருக்காது.

இரண்டாவது பிழை, எண்ணை எழுதும் ஆள். கட்டளைகளை வாசித்து ஓடவிடும் ஷெல்லில் ஒரு கட்டளையைப் பின்னணிக்கு அனுப்பினால் அதன் எண் $! என்ற மாறியில் இருக்கும். அதைக் கோப்பில் போட்டால் வேலை முடிந்தது என்று பாடங்களில் இருக்கும். உண்மைதான், புரோகிராம் தானே இரண்டு தடவை பிளந்து டீமனாக மாறாத வரைக்கும். பழைய பாணி டீமன்கள் எழும்பியதும் பிள்ளையைப் பெற்று, அந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பெற்று, மூத்தவர்கள் இருவரும் செத்துவிடுவார்கள். பேரன்தான் வேலை செய்வான். உங்கள் கோப்பில் இருப்பது பாட்டனின் எண். இப்படிப்பட்ட புரோகிராம் தன் எண்ணைத் தானே எழுதவேண்டும்.

மூன்றாவது, உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் முறை. புரோசஸுக்குச் சிக்னல் அனுப்பும் கில் கட்டளைக்கு 0 என்ற சிக்னல் கொடுத்தால் யாரையும் கொல்லாது, ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பார்க்கும். ஆனால் அந்த எண் வேறொரு பயனருடையது என்றால் "உனக்கு உரிமை இல்லை" என்று பிழை வரும். ஆளே இல்லை என்றாலும் பிழைதான் வரும். ஷெல் ஸ்கிரிப்ட் இரண்டையும் தோல்வி என்று ஒரே கணக்கில் எடுத்து, உயிரோடு ஓடும் புரோகிராமைச் செத்ததாக முடிவுகட்டி இன்னொன்றை எழுப்பிவிடும். என் ஸ்கிரிப்ட் ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள பயனராக) ஓடியதால் இந்தக் குழியில் விழவில்லை. எஸ்எம்எஸ் அனுப்பும் புரோகிராமை ரூட்டாக ஓடவிட்டதற்குத் தனியாக என்னைத் திட்டலாம்.

அப்புறம் சின்னச் சின்ன விபத்துகள். இரண்டு பேர் ஒரே நொடியில் தொடக்கினால் இருவரும் "கோப்பு இல்லை" என்று பார்த்து இருவருமே எழும்புவார்கள். எழுதும்போதே டிஸ்க் நிறைந்தால் கோப்பு வெறுமையாக இருக்கும். எப்படியோ உள்ளே 0 என்று விழுந்து, அதை அப்படியே கில் கட்டளைக்குக் கொடுத்தால், ஸ்கிரிப்ட் இருக்கும் புரோசஸ் குழு முழுவதற்கும் சிக்னல் போகும். ரூட்டாக நின்று -1 ஐக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சேரின் மெஷினில் பரீட்சித்துப் பார்க்கவேண்டாம். எண் கோப்பை ஒரு சாதாரணப் பயனர் மாற்றி எழுதலாம், ரூட் அதை நம்பிக் கொல்லும் என்றால் அது பாதுகாப்பு ஓட்டையும்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த வழி மோசம் என்று சொல்லமாட்டேன். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தைப் பாருங்கள். அதன் தரவு அடைவுக்குள்ளேயே போஸ்ட்மாஸ்டர் என்ற பெயரில் பிஐடி கோப்பு ஒன்று இருக்கும், டிஸ்க்கில்தான். ஆனால் முதல் வரியில் எண்ணை எழுதிவிட்டு அது நின்றுவிடுவதில்லை. தரவு அடைவின் பாதை, தொடங்கிய நேரம், போர்ட், பகிர்ந்த நினைவகத்தின் அடையாளம் என்று வரிசையாக எழுதுகிறது. மறுபடி எழும்பும்போது, கோப்பில் உள்ள எண் தன்னுடையதோ தன் தாயுடையதோ என்று பார்க்கிறது, பழைய பகிர்ந்த நினைவகத்தை இன்னும் யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்றும் பார்க்கிறது. எண் ஒரு சாட்சி மட்டுமே. ஒரு சாட்சியை நம்பி அது தீர்ப்பு எழுதுவதில்லை.

நாமும் சின்ன அளவில் அதைச் செய்யலாம். லினக்ஸில் புரொக் அடைவின் கீழ் ஒவ்வொரு புரோசஸுக்கும் ஸ்டாட் என்ற கோப்பு இருக்கிறது. அதன் 22 ஆவது புலம் அந்தப் புரோசஸ் தொடங்கிய நேரம், மெஷின் எழும்பியதிலிருந்து எண்ணியது. எண்ணோடு அதையும் எழுதிவைத்து, ஒவ்வொரு முறை மெஷின் எழும்பும்போதும் கேர்னல் புதிதாக உண்டாக்கும் பூட் அடையாளத்தையும் சேர்த்துவிட்டால், மூன்றும் ஒத்துவரும்போது மட்டும் "இது நம்மாள்தான்" என்று சொல்லலாம். துண்டின் பின்பக்கத்தில் தேதியையும் சைக்கிளின் நிறத்தையும் எழுதுவது மாதிரி.

புரோகிராம்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் அடைத்து ஓடவிடும் டொக்கர் வைத்திருப்பவர்களுக்கு இதில் தனிப் பொறி ஒன்று உண்டு. கொள்கலனுக்குள் எண் கணக்கு தனியாக 1 இலிருந்து தொடங்கும். ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகத்தில் எழுதிய பயன்பாடு தன் எண் கோப்பைத் திட்ட அடைவுக்குள்ளேயே தற்காலிக அடைவில் எழுதும். அந்த அடைவு வெளி டிஸ்க்கோடு இணைத்திருந்தால், கொள்கலன் திடீரென்று செத்து மறுபடி எழும்பும்போது பழைய கோப்பு காத்திருக்கும். "சேர்வர் ஏற்கனவே ஓடுகிறது" என்று நின்றுவிடும். சேரின் மெஷினுக்கு ஒரு வருடத்தில் ஒரு தடவை வந்த வியாதி கொள்கலனுக்குள் வாராவாரம் வரும்.

பெயரைச் சொல்லித் தேடுவது

பெயரால் தேடும் பிகிரெப், பெயரால் கொல்லும் பிகில் இரண்டும் 1998 இல் சொலாரிஸ் 7 என்ற யுனிக்ஸுடன் வந்தவை, இப்போது எல்லா இடத்திலும் இருக்கின்றன. எண்ணை எங்கேயும் எழுதவே வேண்டாம், தேவையானபோது பெயரால் தேடிக்கொள்ளலாம். கோப்பு இல்லாவிட்டால் பழைய கோப்பு என்ற பிரச்சினையும் இல்லை.

கையால் வேலை செய்யும்போது நானும் இதைத்தான் பாவிக்கிறேன். முதலில் பிகிரெப் போட்டு யார் யார் வருகிறார்கள் என்று கண்ணால் பார்த்து, பிறகு கொல்வேன். ஸ்கிரிப்டுக்குள் இதை வைப்பதில் எனக்கு விருப்பமில்லை, ஸ்கிரிப்டுக்குக் கண் இல்லை. லினக்ஸில் புரோசஸ் பெயர் 15 எழுத்தோடு வெட்டப்படும். நீளமான பெயரைத் தேடினால் ஒன்றுமே அகப்படாது. பைதன் ஸ்கிரிப்டுகளுக்குப் பெரும்பாலும் பைதன்3 என்பதுதான் பெயர், சேரின் மெஷினில் அப்படி மூன்று பேர். முழுக் கட்டளை வரியையும் பார் என்று சொன்னால், அந்த ஸ்கிரிப்டை எடிட்டரில் திறந்து வைத்திருக்கும் நானும் வலையில் விழுவேன். ஒருமுறை விழுந்தேன். சேமிக்காத ஒரு மணிநேர வேலை போனது.

பழைய யுனிக்ஸ்களில் வேலை செய்யப் போகிறவர்களுக்கு ஒரு புறச்செய்தி: லினக்ஸில் கில்ஓல் என்பது பெயரால் கொல்லும் கட்டளை. சொலாரிஸிலோ அது பெயருக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் கொல்லும்.

பூட்டு

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி "1187 உயிரோடு இருக்கிறதா" என்பது இல்லை. "என் புரோகிராம் ஒன்று ஏற்கனவே ஓடுகிறதா" என்பதுதான். இதற்கு எண்ணே தேவையில்லை, ஒரு பூட்டுப் போதும்.

எஃப்லொக் கட்டளை ஒரு கோப்பைத் திறந்து அதில் பூட்டுப் போட்டு, பிறகு நம் புரோகிராமை ஓடவிடும். இரண்டாவதாக வருபவர் பூட்டைக் கண்டதும் காத்திருப்பார், அல்லது காத்திராதே என்று சொல்லியிருந்தால் உடனே திரும்பிப் போவார். பூட்டு இருப்பது கோப்பின் உள்ளடக்கத்தில் இல்லை, கேர்னலின் கையில். புரோகிராம் ஒழுங்காக முடிந்தாலும், கில் -9 (தடுக்கமுடியாத கொலைச் சிக்னல்) வாங்கிச் செத்தாலும், கரண்டே போனாலும் பூட்டுத் தானாகத் திறந்துவிடும். வெறும் கோப்பு மட்டும் மிஞ்சிக் கிடக்கும், கிடந்துவிட்டுப் போகட்டும். அதைத் துப்புரவாக அழிக்கப் போனால்தான் வில்லங்கம். ஒருவர் பழைய கோப்பில் பூட்டை வைத்திருக்கும்போது அதை அழித்தால், அடுத்தவர் அதே பெயரில் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து அதில் பூட்டுப் போடுவார். இரண்டு பேரும் தான்தான் தனி என்று நினைத்துக்கொண்டு ஓடுவார்கள்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. பூட்டுப் போட்ட கோப்பு பிள்ளைப் புரோசஸ்களுக்கும் சீதனமாகப் போகும். புரோகிராம் செத்து, அது பெற்ற பிள்ளை எங்கேயோ உயிரோடு இருந்தால் பூட்டு இன்னும் பூட்டியபடியேதான் இருக்கும். யார் பிடித்திருக்கிறார் என்று எல்எஸ்லொக்ஸ் கட்டளையிலோ ஃபியூசர் கட்டளையிலோ பார்க்கலாம். எஃப்லொக்குக்கு, ஓடவிடும் கட்டளைக்குக் கோப்பைக் கொடுக்காதே என்றொரு தெரிவு உண்டு. அதைப் போட்டால் பூட்டை வைத்திருப்பது எஃப்லொக் மட்டும்தான். இப்போது எஃப்லொக்கை யாராவது கொன்றால் புரோகிராம் ஓட ஓடப் பூட்டுத் திறந்துவிடும். இரண்டில் எது உங்களுக்குப் பரவாயில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்சிஎன்டிஎல் என்ற கேர்னல் அழைப்பு வழியாகப் போடும் மற்ற வகைப் பூட்டு பிள்ளைகளுக்குப் போகாது. யார் பிடித்திருக்கிறார் என்று கேட்டால் கேர்னலே எண்ணைச் சொல்லும், நாம் எழுதிவைத்த எண்ணைவிட அது நம்பத்தக்கது. ஆனால் அந்தப் புரோசஸுக்குள் வேறு எங்காவது, ஏதோ ஒரு லைப்ரரி, அதே கோப்பைத் திறந்து மூடினால் போதும், பூட்டுப் போய்விடும். இப்படி ஒரு விதியை யார் யோசித்தார்களோ.

எண்ணும் வேண்டும், பூட்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஃப்ரீபிஎஸ்டி நல்ல வழி வைத்திருக்கிறது. அங்கே பிஐடி கோப்பைத் திறக்கும் லைப்ரரிச் செயலே பூட்டையும் போட்டுவிடுகிறது. லினக்ஸின் பிகிலும் இதை மதிக்கத் தெரிந்தது: எண்ணைக் கோப்பிலிருந்து எடு, ஆனால் கோப்பு பூட்டியிருந்தால் மட்டும் நம்பு என்று சொல்லலாம். இந்த இணைப்பைப் பாவிப்பவர்கள் மிகக் குறைவு, ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

பூட்டால் முடியாதது ஒன்று. புரோகிராம் நடு இரவில் செத்தால் அது எழுப்பிவிடாது.

தாயின் கையில் விடுவது

யுனிக்ஸில் ஒரு பழைய விதி. பிள்ளைப் புரோசஸ் செத்ததும் அதன் எண் உடனே விடுபடாது. தாய் வந்து "என்ன ஆனது" என்று கேட்டு முடிவைப் பெறும் வரைக்கும் அது ஸொம்பியாக நிற்கும், எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அதாவது தாயின் கையில் இருக்கும் எண் மட்டும் ஒருபோதும் பழைய துண்டாக இருக்கமுடியாது. பக்கத்து வீட்டுக்காரர், அதாவது உங்கள் ஸ்கிரிப்ட், எவ்வளவு கவனமாக எழுதிவைத்தாலும் பார்ப்பதற்கும் கொல்வதற்கும் இடையில் ஒரு நூலளவு இடைவெளி இருக்கும். தாய்க்கு அந்த இடைவெளி இல்லை. பாஷ் என்ற ஷெல்லின் ஸ்கிரிப்டையே தாயாக வைத்தால் பாஷ் தன் பாட்டில் முடிவைப் பெற்று எண்ணை விட்டுவிடும். ஆகவே காவலுக்கென்றே எழுதிய புரோகிராம் வேண்டும்.

டானியல் பேர்ன்ஸ்டைனின் டீமன்டூல்ஸ் இந்த யோசனையைத்தான் கையில் எடுத்தது. ரன்இட், எஸ்6 எல்லாம் அதன் வழி வந்தவை. மெக்ஓஎஸ்ஸில் 2005 முதல் லோஞ்ச்டி இந்த வேலையைச் செய்கிறது. லினக்ஸில் 2010 இல் வந்த சிஸ்டம்டி, டெபியன் என்ற லினக்ஸ் வகைக்கு 2015 இல் டெபியன் 8 உடன் இயல்பானது. சேரின் மெஷினில் அது ஏற்கனவே இருந்தது. வீட்டில் காவல்காரர் சம்பளமில்லாமல் நிற்க, நான் வாசலில் சாக்குத் துண்டு கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாற்றியது எட்டு வரிக் கோப்பு ஒன்றில். என்ன ஓடவேண்டும், எந்தப் பயனராக ஓடவேண்டும், நெட்வொர்க்குக்குப் பிறகு எழும்பவேண்டும், தோல்வியில் செத்தால் பத்து நொடி விட்டு எழுப்பவேண்டும். புரோகிராமுக்குள் இருந்த டீமனாகும் பகுதியையும் எண் எழுதும் பகுதியையும் வெட்டி எறிந்தேன், 40 வரி குறைந்தது. இது முக்கியம்: காவல்காரரிடம் கொடுக்கும் புரோகிராம் பிளந்து ஓடக்கூடாது, முன்னணியில் ஓடுவது போலவே ஓடவேண்டும். பின்னணிக்குக் கொண்டுபோவது அவர் வேலை. எண் வேண்டுமென்றால் முதன்மை எண் எது என்று சிஸ்டம்டியிடம் கேட்டால் சொல்லும். நிறுத்து என்றால், புரோசஸ்களைக் குழுவாகப் பிடித்துவைக்கும் சீகுரூப் என்ற கேர்னல் வசதி மூலம் பிள்ளைகள், பேரர்கள் வரை எல்லோரையும் சேர்த்து நிறுத்தும். எண் கோப்பால் இது ஒருபோதும் முடியாது, அதில் இருப்பது ஒரே ஒரு எண்.

பழைய பாணிப் புரோகிராமைத்தான் ஓடவிடவேண்டும் என்றால் சிஸ்டம்டிக்கும் பிஐடி கோப்பின் பாதையைச் சொல்லலாம். அதை வாசிக்கும், சேவை நின்றதும் மிஞ்சியதை அழிக்கும், ஆனால் தான் எழுதாது. டெபியனில் எஞ்சின்எக்ஸ் என்ற வலைச் சேர்வர் இப்படித்தான் ஓடுகிறது, அதற்கு நியாயமும் இருக்கிறது. எஞ்சின்எக்ஸ் ஓட ஓடவே தன் புதிய பதிப்பை எழுப்பும், அப்போது பழைய எண் கோப்புக்கு வேறு வால் ஒட்டிவிட்டுப் புதிய முதல்வரின் (முதன்மைப் புரோசஸின்) எண்ணை எழுதும். முதல்வர் மாறுவதை வெளியே சொல்ல அங்கே கோப்பு உண்மையிலேயே தேவை.

சிஸ்டம்டியை எதிர்ப்பவர்கள் நிறைய. நானும் அதன் பதிவுக் கோப்புகளோடு சண்டை பிடித்தவன். 2016 இல் அதன் 230 ஆவது பதிப்பு, பயனர் வெளியேறியதும் அவருடைய பின்னணிப் புரோசஸ்களையும் கொல்வதை இயல்பாக்கியது. வெளியேறினாலும் ஓடு என்று சொல்லும் நோஹப் கட்டளையைப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் காலையில் வந்து கத்தினார்கள். டெபியன் அந்த இயல்பை அணைத்துவைத்தது. ஆனாலும் இந்த ஒரு கேள்வியில் அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

கேர்னலும் இப்போது வேறு வழி காட்டுகிறது. 2019 இல் லினக்ஸ் 5.1 தொடங்கி 5.3 வரை துண்டு துண்டாக வந்த பிஐடிஎஃப்டி, எண்ணுக்குப் பதில் அந்தப் புரோசஸையே திறந்த கோப்பு மாதிரிக் கையில் தருகிறது. எண் மறுபடி பாவனைக்கு வந்தாலும் கையிலிருப்பது பழைய ஆளைத்தான் காட்டும். ஃப்ரீபிஎஸ்டியில் இதே யோசனை 2012 இலேயே வந்துவிட்டது. சீ மொழியில் காவல்காரர் எழுதுகிறவர்களுக்கு இது வரம். ஷெல் ஸ்கிரிப்ட் எழுதும் என் போன்றவர்களுக்கு இன்னும் கைக்கு எட்டவில்லை.

நான் இப்போது எதை எங்கே வைத்திருக்கிறேன்

சேரின் எஸ்எம்எஸ் புரோகிராம் சிஸ்டம்டியிடம். எண் கோப்பு எங்கேயும் இல்லை.

அதே மெஷினில் இரவு ஒரு மணிக்கு ஓடும் பேக்கப் கிரொன் வழியாகவே ஓடுகிறது, எஃப்லொக்கோடு. அது எப்போதும் ஓடவேண்டிய ஒன்றில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருந்தால் போதும். நெட் மெதுவான நாளில் முதல் நாள் பேக்கப் அடுத்த இரவு வரைக்கும் இழுபடும், அப்போது இரண்டாவது பேசாமல் திரும்பிப் போகிறது.

மூன்றாவது இடம்தான் சங்கடம். ஒரு நண்பரின் கடைக்கு வாடகைக்கு எடுத்த பகிர்ந்த ஹோஸ்டிங். அங்கே ரூட் இல்லை, சிஸ்டம்டியைத் தொடவும் விடமாட்டார்கள், இருப்பது கிரொன் மட்டும். அங்கே பூட்டும் எண்ணும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரொன் புரோகிராமை எழுப்பப் பார்க்கும், பூட்டு இருந்தால் திரும்பிப் போகும். செத்திருந்தால் அதிகம் போனால் ஐந்து நிமிடத்தில் எழும்பிவிடும். எண்ணை அதே பூட்டுக் கோப்புக்குள்தான் எழுதுகிறேன், நிறுத்தும்போது மட்டும் பாவிக்க. பூட்டு இல்லாமல் அந்த எண்ணை நம்புவதில்லை. அழகான ஏற்பாடு என்று சொல்லமாட்டேன், ஆனால் ரூட் இல்லாத இடத்தில் இதைவிடக் கெட்டியாக எனக்கு ஒன்றும் வாய்க்கவில்லை.

சேரின் மெஷினில் மாற்றி முடித்த அன்று நாலு சோதனை செய்தேன். புரோகிராமைக் கில் -9 போட்டுக் கொன்றேன், பத்து நொடியில் எழும்பியது. இரண்டு தடவை தொடக்கு என்றேன், ஒன்றுதான் ஓடியது. நிறுத்து என்றேன், பிள்ளைப் புரோசஸ் ஒன்றும் மிஞ்சவில்லை. நாலாவதற்குப் பிளக்கையே இழுத்து, ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பச் செருகினேன். மெஷின் எழும்பியது, முதன்மை எண் 1203 என்று சொன்னது, என் ஃபோனுக்குச் சோதனை மெசேஜ் வந்து சேர்ந்தது.

முன்னறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சேர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"தம்பி, பிரிண்டர் நிண்டுபோச்சு. கரண்ட் போட்டுதோ?"